கட்டி வைத்த பை

"அம்மா, ரெண்டு நாளா பாக்குறேன், அய்யாவோட மூத்திரத்துல ஒரு கெட்ட வாடை அடிக்குது. டப்பாவுல பிடிச்சு வச்சிருக்கேன், லேபுக்கு அனுப்புங்க" என்றார், அப்பாவைப் பார்த்துக்கொள்ள முந்தாநாள் வேலைக்கு வந்த ஆள்.

"பின்ன, மூத்திரம் ரோஜாப்பூ மாதிரியாண்ணே மணக்கும்?" மகள் சிடுசிடுத்தாள். அப்பா ஒரு வாரமாக அவளையே யாரென்று கேட்கிற வேதனை அவளுக்கு. வயசாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று சொந்தமெல்லாம் கைவிரித்துவிட்டது. அதனால்தான் ஆள் வைத்தாள்.

ஆனாலும் டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்தால், அந்த ஆள் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். நாற்றம் தாங்காமல் கம்பி நீட்டப் பார்க்கிறார்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டர் சொன்னார்: "மூத்திரத்துல கிருமி. இந்த வயசுல அதுவே ஆளைக் குழப்பிடும். மருந்து சாப்பிட்டா தெளிஞ்சுடுவார்."

அடுத்த வாரம் அப்பா அவளைப் பார்த்து, "என்னடி குட்டி, இளைச்சுட்டே?" என்றார். தானே எழுந்து குளியலறைக்குப் போனார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். வாசலில் பையோடு அந்த ஆள்.

"முன்னாடி வேலை பார்த்த வீட்லயும் இதே வாடைதாம்மா. அந்தப் பெரியவர் தெளிஞ்சதும் எனக்கு வேலை போச்சு. அதான் அன்னைக்கே பையைக் கட்டிட்டேன். வர்றேம்மா, அய்யாவை நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க."