நெத்திலி சுமந்த பூனை

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவர், விடுதியில் என் அறைத்தோழியாக இருந்த எப்சிபாய் டீச்சர்.

கடற்கரைக் கோயிலில் வளர்ந்த பூனை ஒன்று, விதவை வெரோணிக்காள் பாயில் உலர்த்தியிருந்த நெத்திலிகளில் நான்கைத் தின்றுவிட்டது. கைப்பிள்ளையோடு நிற்பவளின் பிழைப்பில் வாய்வைத்தோமே என்று அதன் மனம் உறுத்தியது. ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டு, எடுத்ததைத் திருப்பி வைப்பதாக வாக்கும் கொடுத்துவிட்டது.

மறுநாள் வலை உதறுமிடத்தில் அதற்கு ஒரு நெத்திலி கிடைத்தது. கவ்விக்கொண்டு நடந்தால், மீன் நாவின்மேலேயே கிடக்கிறது! பாதி வழியில் தொண்டை தானாகவே விழுங்கிவிட்டது. அடுத்த நாளும் அவ்வாறே ஆயிற்று.

“என்ன மதினி, கடன் வயிற்றிலேயே அடைகிறதோ?” என்று படகின்மேலிருந்து சிரித்தது காகம்.

“சிரிக்காதீர், கொழுந்தனாரே. மீனைச் சேர்ப்பித்தபின் ஜெபிக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் மீனே இருப்பதில்லை.”

மூன்றாம் நாள் பூனை மீனைத் தொடுமுன்பே முன்னங்கால்களை மடித்தது. “ஆண்டவரே, அந்தப் பாய்வரைக்கும் போதும், என் வாயைக் காத்துக்கொள்ளும்” என்றது. பிறகே கவ்வியது. எச்சில் ஊற ஊற, அடிக்கு ஒருமுறை அதையே மனத்துக்குள் சொல்லிக்கொண்டு நடந்தது.

“வாய்விட்டு ஜெபித்தால்தான் மேலே கேட்கும், மதினி!” என்றது காகம்.

பூனை வாயைத் திறக்கவில்லை. ஈரமாய், பல் பதிந்து, ஆனாலும் முழுதாய் அந்த மீன் பாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

அதன்பின் நாளுக்கொன்று. ஆறாம் நாள் மாலைக்குள் அது திருப்பி வைத்தவை, சரியாக நான்கு நெத்திலி.