நீராவி

"எடுத்த வேலையை என்னிக்காவது உருப்படியா முடிச்சிருக்கியா நீ? பாதியில விட்டுட்டு உக்கார்றதே உனக்குப் பொழப்பாப் போச்சு!"

பிரசவ அறைக் கதவைத் தாண்டி நர்ஸின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது.

வெளியே நின்ற ஆங்கில வாத்தியாருக்கு ரத்தம் தலைக்கேறியது. உள்ளே கிடப்பது அவர் மனைவி. குழந்தை பாதி வழியில் நிற்கிறது. முக்க அவளுக்குத் தெம்பில்லை. இனியும் தாமதித்தால் குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"கேட்டீங்களா அத்தே? வலியில துடிக்கிறவகிட்ட பேசற பேச்சா இது?"

மாமியார் தரையைப் பார்த்தாள். "உக்காருங்க மாப்ளே."

வாத்தியாருக்கு எந்த இடமும் வகுப்பறைதான்.

"நேத்துதான் பசங்களுக்கு 'கெட் அப் ஸ்டீம்'னு நடத்தினேன். தெம்பைத் திரட்டிக்கறதுன்னு அர்த்தம். பழைய ரயில் இன்ஜின்லேருந்து வந்தது. கரியைப் போட்டு, தண்ணி கொதிச்சு, நீராவி ஏறினாத்தான் சக்கரம் உருளும். நல்லதா நாலு வார்த்தை சொன்னா இவளுக்கும் ஏறாதா? இந்தம்மா பச்சைத் தண்ணிய ஊத்தி அணைக்குது!"

உள்ளே நர்ஸ் விடவில்லை. "நாள் பூரா சும்மாத்தானே கிடக்கே? இதுகூடவா முடியல?"

"வாயை மூடு! நான் முடிக்கிறேன் பாரு!"

அது மனைவியின் குரல். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டிராத குரல். மாமியார் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம், வீல் என்று ஒரு பிஞ்சு அழுகை.

வேர்வையைத் துடைத்தபடி நர்ஸ் வெளியே வந்தாள். "பொண்ணு பொறந்திருக்கு சார். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

வாத்தியாருக்குக் கண் கலங்கியது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

"சந்தோஷம். ஆனா உங்க மேல புகார் கொடுக்காம விடமாட்டேன். என் மனைவியை அப்படிப் பேச உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

"அவங்கதான் சார்."

"என்னது?"

"கெஞ்சிப் பார்த்தேன், கொஞ்சிப் பார்த்தேன். ஒண்ணும் நடக்கல. கடைசியா, 'எதைக் கேட்டா உனக்கு வெறி வரும், சொல்லும்மா, அதையே சொல்றேன்'னு கேட்டேன்."

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க வீட்டுல தினமும் சொல்றதுதானாம், சார்."