வளைவுக்கு வளைவு சிக்னல்

கொண்டை ஊசி வளைவில் பஸ் ஒடித்துத் திரும்பியபோது ஃபோனில் பக்கத்து வீட்டு ராதிகாவின் குரல் அறுந்தது.

அதுவரை சொன்னது பரிமளாவுக்குப் புரிந்தது. கல்யாணப் பத்திரிகை என்று ஃபோனுக்கு ஒன்று வருகிறதாம். திறந்தால் பேங்க் கணக்கைத் துடைத்து வைத்துவிடுகிறதாம். மலைமேல் வாழவந்தி நாட்டில் காலையிலிருந்து ஆளாளுக்கு வந்துகொண்டிருக்கிறதாம். "அக்கா, இன்னொன்னு..." என்று இழுத்தாள். அதோடு சரி.

பரிமளா பதறவில்லை. அந்தப் பத்திரிகை காலையில் அவளுக்கும்தான் வந்தது, தெரிந்த ஒருத்தியின் நம்பரிலிருந்து. திறந்தாள். கேட்டதற்கெல்லாம் 'அனுமதி' தட்டினாள். திரை வெள்ளையாக நின்றது. மூடிவிட்டாள்.

என்ன ஆகிவிட்டது? அவள் ஃபோனில் ஆன்டிவைரஸ் இருக்கிறது. சந்தா கட்டி வாங்கியது.

எதற்கும் ஒருமுறை சோதித்தாள். பச்சை டிக் விழுந்தது.

அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. புருஷன் செங்கோடன் ஃபோனில் ஒன்றும் கிடையாதே.

மிளகு விற்ற பணம் மொத்தமும் அவன் கணக்கில் இருக்கிறது. மழைக்கு முன்னால் கூரை மாற்ற வேண்டிய பணம். ஆன்டிவைரஸ் போடச் சொன்னபோதெல்லாம், என் ஃபோனுக்கு என்ன காய்ச்சலா என்று நக்கலடித்தவன்.

கூப்பிட்டாள். சிக்னல் இல்லை.

ஃபோனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தாள். குரங்கு பிடுங்கினால் பஸ் நிற்காது என்றார் கண்டக்டர். பக்கத்து சீட்டில் பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த அம்மாள் சிரித்தாள்.

அடுத்த வளைவில் சிக்னல் ஒரு கோடு வந்தது. மணி அடித்தது. அவன் எடுக்கவில்லை.

கோடு போய்விட்டது. இன்னொரு வளைவில் வந்தது. இந்த முறை அந்தப் பக்கம் கட் செய்தார்கள்.

கட் செய்தது செங்கோடன்தானா? திறந்துவிட்டானா? ஃபோன் இப்போது எவன் கையில்?

உள்ளங்கை சுட்டது. சார்ஜ் பாதிக்குமேல் இறங்கியிருந்தது. சிக்னலைத் தேடித் தேடிச் சூடேறிவிட்டது என்று முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். வளைவுக்கு வளைவு சாமியைக் கும்பிட்டாள். ஒரே ஒரு கோடு போதும்.

அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்குள் பஸ் நுழையும்போது அவனே கூப்பிட்டான். அவள் வாயைத் திறக்கும் முன் வெடித்தான்.

"உன்ற தம்பிக்குக் கண்ணாலம்னா, ஊட்டு மாப்பிள்ளைக்கு வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புட மாட்டீங்களா? ஒரே ஊட்டுல இருந்துக்கிட்டு உன்ற நம்பர்ல இருந்து பத்திரிகை அனுப்பற. நானென்ன அசலூரானா? அந்தக் கருமத்த நான் தொறக்கக்கூட இல்ல, போ."

திறக்கவில்லை. கூரை பிழைத்தது. பரிமளாவுக்கு மூச்சு வந்தது.

வந்த மூச்சு பாதியில் நின்றது.

தம்பிக்கு இன்னும் பெண்ணே பார்த்து முடியவில்லை. அவள் யாருக்கும் எதையும் அனுப்பவில்லை.

ராதிகா சொல்ல வந்த அந்த இன்னொன்று என்ன என்று இப்போது தெரிந்தது: திறந்தவர் நம்பரிலிருந்தே அது அடுத்தவர்களுக்குப் போகிறது. ஒவ்வொரு வளைவிலும் கும்பிட்டு வாங்கிய அந்த ஒரு கோட்டில், அவளுக்கு முன்னால் வேறு எதுவோ பேசி முடித்திருக்கிறது.

முந்தானையைப் பிரித்தாள்.

இங்கே சிக்னல் முழுசாக இருந்தது. பச்சை டிக்கும் அப்படியே இருந்தது.