முட்டி தாண்டிய மோதிரம்

மூன்றாவது மோதிரமும் பாண்டிச்செல்வியின் விரல் முட்டியில் வந்து நின்றுவிட்டது. பக்கத்தில் கொலுசு பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். மோதிரம் எடுப்பதற்காக நெய்க்காரப்பட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்கு வந்திருந்த ராக்கம்மாள், வரப்போகும் மாமியார், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பாண்டிச்செல்வி சின்னாளபட்டியில் பதினாறு வயதில் தறியில் உட்கார்ந்தவள். இப்போது இருபத்தொன்பது. கயிறு இழுத்தும் பலகை அடித்தும் விரல் முட்டிகள் கொட்டைப்பாக்கு மாதிரி புடைத்துவிட்டன.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆத்தூரிலிருந்து பூ வைக்க வந்தவர்கள் போட்ட மோதிரமும் இப்படித்தான் பாதியில் நின்றது. இது என்ன மம்பட்டி பிடித்த கையா என்று மாப்பிள்ளையின் அக்கா கேட்க, கூடமே சிரித்தது. ஒரே வாரத்தில் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த இரண்டு பேரும் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, கையைப் பார்த்துவிட்டுப் போனவர்கள்தான்.

அப்பா முத்துக்கிருஷ்ணன் பின்னால் நின்று துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா கல்யாணம் முடியாமல் தங்கை தீபாவுக்கு வந்த நல்ல இடம் காத்துக்கிடந்தது. இதுவும் தட்டிப்போனால் அதுவும் போய்விடும் என்று அவர் பயந்தது அவளுக்குத் தெரியும்.

ராக்கம்மாள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாக அமுக்கிப் பார்த்தார். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தறியில் இருப்பாய், இடுப்பு வலி ஏதும் உண்டா என்று விசாரித்தார். பத்து மணி நேரம் இருப்பேன், பழகிவிட்டது, வலியெல்லாம் இல்லை என்றாள் பாண்டிச்செல்வி.

“உழைச்ச கை கண்ணு. இதை எதுக்கு முந்தானைல மறைக்கறே? மோதிரம் பத்தலீன்னா மோதிரத்த மாத்திக்கலாம். இந்த மாதிரி கை கிடைக்குமா?”

முத்துக்கிருஷ்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடையில் நகை வேலை பார்க்கும் அப்துல் கையூம் வந்து முட்டியை ஒரு தடவையும் விரலின் அடியை ஒரு தடவையும் அளந்தார். முட்டி தாண்டுகிற அளவுக்கு வளையத்தைப் பெரிதாக்கினால் உள்ளே போய் லொடலொடவென்று சுற்றும், அதனால் உட்பக்கம் இரண்டு சின்னத் தங்க மணி வைத்துப் பற்றவைத்துத் தருகிறேன், போடவும் கழற்றவும் சுகமாக இருக்கும் என்றார்.

மாப்பிள்ளை வரவில்லையா, அவர் விரலையும் அளந்துவிடலாமே என்று கையூம் கேட்டதற்கு, பழனிக்குமாருக்கு வேலை நெருக்கடி என்று சொல்லி, அவன் விரல் அளவுக்கு முடிச்சுப் போட்ட நூல் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார் ராக்கம்மாள். பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறவன். கல்யாணத்தைக்கூட அவர்களுடைய தோப்பு வீட்டிலேயே நெருங்கிய சொந்தத்தோடு வைத்துக்கொள்ளலாம் என்றுதான் பேச்சு.

பாண்டிச்செல்வி அவனை வீடியோவில் மூன்று முறை பார்த்திருக்கிறாள். நல்ல முகம். அதிகம் பேசமாட்டான். போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் கையிலிருந்த போன் நழுவித் தரையில் விழுந்தது. செத்த நேரம் அவளுக்குச் சுற்றுகிற மின்விசிறி மட்டும்தான் தெரிந்தது. கடைசியில் ராக்கம்மாள் வந்துதான் அதை எடுத்தார். கீழே விழுந்ததைக்கூட அம்மா எடுத்துக் கொடுக்க வேண்டுமா, இம்புட்டுச் செல்லமா என்று அன்றைக்கு அவள் தீபாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு மணி நேரத்தில் மோதிரம் தயாராகி வந்தது. கையூம் அதைப் போட்டுவிட்டார். முட்டியில் லேசாகத் தயங்கி, வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. திருப்பிப் பார்த்தாள், சுற்றவில்லை. விரலை மடக்கிப் பார்த்தாள், உறுத்தவில்லை.

“போயி சோப்புப் போட்டுக் கை கழுவிப் பாரும்மா. ஈரத்துல வழுக்குனா இப்பவே சரி பண்ணிருவோம்.”

கடையின் பின்பக்கம் கை கழுவும் இடத்தில் கண்ணாடி இருந்தது. பாண்டிச்செல்வி நுரையோடு கையைத் தூக்கிப் பார்த்தாள். அந்த முட்டிகளுக்குக் கீழே பொன் மின்னியது. தன் கையைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. அத்தையின் காலில் விழுந்து கும்பிட வேண்டும் போல இருந்தது.

செருப்பை வாசலில் விட்டிருந்ததால் அவள் திரும்பி வந்தது யாருக்கும் கேட்கவில்லை. தூணுக்கு அந்தப் பக்கம் ராக்கம்மாள் அப்பாவிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, பையன் எழுவது கிலோ இருக்கான். புள்ள தாங்குமுங்களா?”

அப்பா சிரித்தார்.

“தூக்கிவிட, கழுவிவிட எல்லாத்துக்கும் எம் மக கை தாங்கும் சம்பந்தி. தாலி ஏறுற வரைக்கும் மாப்பிள்ளைய உக்கார வச்சே காட்டுங்க.”