இடது முன் சக்கரம்

பிரேக்கைத் தொடாமல் வண்டி தானாக நிற்கும்வரை காத்திருந்தாள்.

சமமான ரோடு. இருபுறமும் வாழைத்தோப்பு. ஓர் இலைகூட அசையவில்லை.

நியூட்ரலில் விட்ட கார் அந்தப் பாலம் வரைக்குமாவது உருண்டிருக்க வேண்டும். யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டதுபோலப் பாதியிலேயே நின்றுவிட்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“மாட்டிக்கிட்ட” என்றாள் காரிடம்.

சில மாதங்களாகவே கார் பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருந்தது. ஞாயிறு நிரப்பினால் வாரம் முழுக்கத் தாங்கிய டேங்க், இப்போது வியாழனுக்கே காலியானது.

“வண்டில ஒண்ணுமில்ல. உன் கால்லதான் கோளாறு” என்று சொல்லிவிட்டார் சுருளிவேல். அவள் கணவர். “மலையடிக் காட்டுக்கெல்லாம் போட்டு மிதிச்சா எந்த வண்டிதான் தாங்கும்? அடுத்த மாசத்துலருந்து கார் வீட்டுல நிக்கட்டும். நீ ஆஸ்பத்திரில உக்காந்து பாரு. மாட்ட அங்க ஓட்டிட்டு வரச் சொல்லு.”

அவள் கால்நடை மருத்துவர். விழுந்து கிடக்கும் மாட்டை எப்படி ஓட்டி வருவார்கள்?

அதை அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் அது சண்டையாகத்தான் முடியும்.

ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்தாள். டயருக்குக் காற்றுச் சரிபார்த்தாள். பெட்ரோல் பங்க்கை மாற்றினாள். ஏசி போடாமல் வேர்த்து ஊற்ற ஓட்டினாள்.

எதுவும் மாறவில்லை. தன் கால்மேல் மட்டும் அவளுக்குச் சந்தேகம் வரவேயில்லை.

இப்போது இறங்கி, பின் சக்கரத்தின் அருகே குந்தினாள். புறங்கையை இரும்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். வீங்கிய மடியையும் நொண்டும் காலையும் அப்படித்தான் பார்ப்பாள். புறங்கைக்குச் சூடு சீக்கிரம் தெரியும்.

வெதுவெதுப்பு.

அடுத்த பின் சக்கரம். அதுவும் அப்படித்தான்.

வலது முன் சக்கரம். அதே வெதுவெதுப்பு.

இடது முன் சக்கரத்துக்கு வந்தாள். தொடுமுன்பே கையை இழுத்துக்கொண்டாள்.

கொதித்தது.

நேரே சின்னமனூர் ஒர்க்‌ஷாப்புக்கு விட்டாள். மெக்கானிக் ரபீக் வழக்கம்போல பானெட்டைத் திறக்கப் போனார்.

“இன்ஜின் நல்லாருக்கு பாய். இடது முன் சக்கரத்தக் கழட்டுங்க. பிரேக் பிடிச்சா விட மாட்டேங்குது.”

அவர் ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினார். சக்கரம் அரைச் சுற்றுகூடப் போகவில்லை.

“அட, ஆமா டாக்டரம்மா.”

கழற்றிப் பார்த்தார். பிரேக்கைத் தளரவிட வேண்டிய ஊசி துருவேறி இறுகிக் கிடந்தது. ஒரு பக்கத்து பிரேக் கட்டை தேய்ந்து தகடாகியிருந்தது. இத்தனை நாளும் பிரேக்கை இழுத்துக்கொண்டே மலையடிவாரமெல்லாம் போய் வந்திருக்கிறாள்.

ரபீக் துருவைச் சுரண்டி எடுத்தார். கிரீஸ் தடவினார். இரண்டு பக்கமும் புதுக் கட்டை மாட்டினார்.

இந்த முறை அவளே சுற்றினாள். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

தேய்ந்த கட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து கணவரிடம் கொடுத்தாள்.

“என் கால் இல்லீங்க. இதுதான்.”

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ம்” என்றார்.

மறு ஞாயிறு பங்க்குக்குப் போகும்போது டேங்கில் இன்னும் பெட்ரோல் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் எட்டிப் பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். அவள் ரோட்டைப் பார்த்து ஓட்டினாள்.

டேங்க்கை நிரப்பிக்கொண்டு போடியில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போவதாக ஏற்பாடு. அவர் பட்டு வேட்டியில் இருந்தார். பங்க்கை விட்டு வெளியே வரும்போது போன் அடித்தது.

தேவாரத்துக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து வீரம்மா.

“டாக்டரம்மா, கன்னுக்குட்டி கால் ரெண்டும் வெளிய தெரியுது. தல வரல. மாடு படுத்துருச்சு.”

“யாரும் இழுக்காதீங்க. வந்துக்கிட்டே இருக்கேன்.”

அவரைக் கேட்காமல் வண்டியைத் தேவாரம் பக்கம் திருப்பினாள்.

தோட்டத்து மாட்டுக் கொட்டத்தில் பசு பக்கவாட்டில் கிடந்தது. கழுத்து நீண்டு தரையில் படிந்திருந்தது. வீரம்மா தனி ஆள். தண்ணீர் வாளியை டாக்டரம்மாவிடம் நீட்டினாள்.

அவள் அதை வாங்கி வைத்து, சேலையைச் செருகிக்கொண்டு, கையைத் தோள்வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள். மண்டியிட்டுப் பசுவுக்குள் கையை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

கன்றின் தலை பின்பக்கமாக மடங்கிக் கிடந்தது. மூக்கைத் தேடினாள். விரலை வாய்க்குள் விட்டாள்.

விரலைச் சப்பியது.

“உயிர் இருக்கு” என்றாள்.

கன்றை உள்ளே மெதுவாகத் தள்ளினாள். தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். நெற்றியில் இருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. தலை நேரானது.

கன்றின் கால்களில் கயிற்றை மாட்டிவிட்டு, இழுக்க ஆள் தேடி நிமிர்ந்தாள்.

சுருளிவேல் ஏற்கெனவே பட்டு வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். சாணியில் காலை ஊன்றிக் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

“எப்ப இழுக்கணும்னு நீ சொல்லு.”

பசு முக்கியது.

“இப்ப” என்றாள்.