ரப்பர் பேண்டோடு முளைத்த காரட்

“அம்மா, காரட்டோட சேர்ந்து ரப்பர் பேண்டும் முளைக்குமா?”

பாத்தியில் குந்தியிருந்த எட்டு வயது மகள் இரண்டு காரட்டைத் தூக்கிக் காட்டினாள். இரண்டையும் சேர்த்து ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட் இறுக்கியிருந்தது.

அம்மா வாங்கிப் பார்த்தாள். காரட் குளித்துவிட்டு வந்த மாதிரி பளபளத்தது. போதாக்குறைக்கு ஜில்லென்றும் இருந்தது.

மகளை அவள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை. அங்கே எல்லாம் ஒப்புக்குச் சொல்லித் தருகிறார்கள் என்று அவளுக்குத் தீர்மானம். அதனால் வீட்டிலேயே பாடம். இன்றைக்குக் காலையில் பண்ணை, மத்தியானம் கல்வி அலுவலகம். பண்ணை, பாடத்துக்கு. கல்வி அலுவலகம் கொஞ்சம் பாடத்துக்கு, மிச்சம் பயத்துக்கு. குழந்தை தானாகச் செய்த ஒன்றை அதிகாரியிடம் காட்டினால்தான் இன்னொரு வருஷம் வீட்டில் வைத்துச் சொல்லித்தர அனுமதி. இல்லையென்றால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம்.

காட்டுவதற்கு ஒரு தக்காளிச் செடி தொட்டியோடு காரில் காத்திருந்தது. மகள் தன் கையால் விதை போட்ட தொட்டி.

“அண்ணே, கொஞ்சம் இங்க வாங்க. என்னது இது?”

பண்ணைக்காரர் ரப்பர் பேண்டைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

“போன வாரம் பேஞ்ச மழையில பாத்தி மொத்தமும் அழுகிப் போச்சும்மா. பாப்பா ஆசையா வருது, வெறுங்கையோட போகக் கூடாதேன்னு கடையில வாங்கிப் புதைச்சு வெச்சேன். ரப்பர் பேண்டை எடுக்க மறந்துட்டேன்.”

“அப்ப, மறந்ததுதான் தப்பு. ஏமாத்தினது தப்பில்லை?”

அப்பா இருமினார். “விடேன். குழந்தை முகம் வாடிடக் கூடாதுன்னுதானே செஞ்சிருக்கார்.”

“நீங்க சும்மா இருங்க. நல்ல மனசோட சொன்னா பொய் நிஜமாயிடுமா?”

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

“இங்க பாரு கண்ணு, இதுவும் ஒரு பாடந்தான். நிஜமா முளைச்ச செடின்னா வேர் மண்ணைக் கெட்டியாப் பிடிச்சிருக்கும். இழுத்தா லேசுல வராது. புதைச்சு வெச்சதுன்னா கையோட வந்துடும். அப்படித்தான் கண்டுபிடிக்கணும்.”

மகள் பக்கத்தில் இருந்த புல்லைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. “ஐ! இது நிஜம்மா!”

“பார்த்தீங்களா? இதான் படிப்பு.”

“சரிம்மா, மன்னிச்சுடுங்க” என்றார் பண்ணைக்காரர், விட்டால் போதும் என்று.

“என்கிட்ட எதுக்கு? ஏமாந்தது குழந்தை. குழந்தைகிட்ட கேளுங்க.”

அந்த நரைத்த மனிதர் மண் ஒட்டிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

“மன்னிச்சுடு பாப்பா. மாமா இனிமே இப்படிச் செய்ய மாட்டேன்.”

“பரவால்ல மாமா.”

பண்ணை நாய்கூட வேறு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

காரில் மகள் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். “நேத்து சாயங்காலம் தலை தொங்கிக் கிடந்துச்சு. காலையில பார்த்தா பூவே வெச்சிருக்கு!”

“நீ ஆசையா தண்ணி ஊத்தினேல்ல, அதான்.”

அப்பா மறுபடி இருமினார்.

“முதல்ல அந்த இருமலுக்கு மருந்து சாப்பிடுங்க” என்றாள் அம்மா.

கல்வி அலுவலகத்தில் நாற்காலி நாற்காலியாக நகர்ந்து உட்கார வேண்டியிருந்தது. அந்த நேரத்தையும் அம்மா வீணாக்கவில்லை.

“இதுதான் கண்ணு, அரசாங்கம் நடக்கிற இடம்.”

“எங்கம்மா நடக்குது? எல்லாரும் உக்காந்துதானே இருக்காங்க?”

பக்கத்து நாற்காலிக்காரர் தூக்கம் கலைந்து சிரித்தார்.

அதிகாரி நல்ல மாதிரியான அம்மாள். செடியைப் பார்த்ததுமே முகம் மலர்ந்துவிட்டது. அம்மா அதோடு நிறுத்தவில்லை. காரட் கதையை ரப்பர் பேண்ட் விடாமல் சொன்னாள்.

“எங்க வீட்டுப் படிப்புல முதல் பாடமே உண்மைதான் மேடம். பெரியவங்களா இருந்தாலும் சரி, பொய் சொன்னா மன்னிப்புக் கேக்கணும். கேக்க வெச்சுட்டுத்தான் வந்தேன்.”

“இந்தக் காலத்துல இப்படி ஒரு அம்மாவா!” அதிகாரி முத்திரையைக் கையில் எடுத்தே விட்டார். எடுத்த கையோடு, பேச்சுக்குத்தான், மகளிடம் கேட்டார்:

“ஏன் குட்டி, நிஜமாவே நீ வளர்த்ததுதானா?”

மகளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“நிஜந்தான் ஆன்ட்டி! இழுத்தா லேசுல வராது, பாருங்க!”

“கண்ணு, வேண்டாம்...” அம்மா பாதி எழுந்துவிட்டாள்.

செடி ஒரே இழுப்பில் வந்தது. கூடவே, செடிக்கடையில் நாற்று வைத்துத் தருவார்களே அந்தக் கறுப்புப் பை, கிழிக்கக்கூட நேரமில்லாமல் புதைத்தது, முழுசாக வந்தது.

அதிகாரி முத்திரையைக் கீழே வைத்தார். அப்பாவுக்கு இருமல்கூட வரவில்லை.

மகள் கையில் தொங்கிய பையையும் காலித் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. பிறகு, உலகத்திலேயே பொய் சொல்லாத ஒரே ஆள் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, இதையும் யாரோ புதைச்சு வெச்சிருக்காங்கம்மா! யாருன்னு கண்டுபிடிச்சு, அவங்களையும் எங்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லும்மா!”