ஃபார்மலைஸ் என்றால்

“பார்மல் ஐஸா? எந்தக் கடையில விக்கிறாங்கம்மா?”

ஆசிரியன் கேட்டதும் வகுப்பே சிரித்தது. அந்த மாலை நேர ஆங்கில வகுப்பில் அன்றுதான் சேர்ந்திருந்த நடுவயது அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பலகையை விட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்ணு மாதிரி உட்கார்ந்திருக்கு பார், என்று நினைத்துக்கொண்டான். “ஃபார்மலைஸ். பல்லு உதட்டுல படணும். எங்க, சொல்லுங்க?”

“பார்மலைஸ்.”

“கிழிஞ்சுது! இந்த வயசுல உங்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை? சரி, அர்த்தமாவது புரிஞ்சுதா?”

“இல்ல தம்பி. எந்த இடத்துல அதைச் சொல்லணும்னு...”

“தம்பியா? சார்னு கூப்பிடுங்க.” சாக்பீஸை மேசையில் எறிந்தான். “ஏற்கெனவே நடந்துட்டிருக்கிற ஒண்ணை முறைப்படி நாலு பேர் அறிய ஆக்குறது. இப்ப, நானும் ஒரு பொண்ணும் ரொம்ப நாளாப் பழகுறோம். வர்ற ஞாயித்துக்கிழமை அவ வீட்டுக்குப் போய்ப் பேசப்போறேன். அதான் ஃபார்மலைஸ்.”

பின் பெஞ்சிலிருந்து ஒரு விசில் பறந்தது.

“அவங்க வீட்டுல ஒத்துக்கணுமே?” என்றார் அந்த அம்மா.

“அப்பா கிடையாது. அம்மா மட்டும்தான். அம்மா சம்மதிச்சாத்தான் கல்யாணம்னு அவ ஒத்தக்கால்ல நிக்கிறா.” அவன் கையை உதறினான். “அது ஒரு விஷயமா? ரெண்டு வார்த்தை இங்கிலீஷ்ல எடுத்து விட்டா பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிட்டுப் போகுது. நான் இன்னும் பார்த்ததில்ல. பார்க்காட்டி என்ன, உங்களை மாதிரி ஒண்ணும் தெரியாத ஜென்மமாத்தான் இருக்கும்!”

மறுபடியும் சிரிப்பு. அவனும் சேர்ந்து சிரித்தான்.

வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். அவன் விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தபோது, அந்த அம்மா வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன, இன்னும் மண்டையில ஏறலையா?”

“நல்லாவே ஏறிடுச்சு தம்பி. ரொம்பத் தெளிவாச் சொன்னீங்க.”

நிமிர்ந்தார். காலில் ஒட்டிய எதையோ பார்ப்பதுபோல அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வர வேண்டாம்.”